கடைசிச் சரணம் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. எல்லாரும் உரத்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கரண்ட் போய், பாட்டு வரிகள் ஓடிக்கொண்டிருந்த திரை இருண்டுவிட்டது என்று வையுங்கள். பல்லவி நிற்காது. முதல் சரணமும் ஒருவாறு தேறிவிடும். இரண்டாம் சரணத்தின் பாதியில் குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கும். கடைசியில், முன்வரிசையில் இருக்கும் வயதான அம்மாக்கள் இரண்டு பேர் குரல்தான் மிஞ்சும். அவர்கள் முதலிலிருந்தே திரையைப் பார்க்கவில்லை.

கிறிஸ்தவப் பாட்டுகளை மனப்பாடம் செய்வது பற்றித்தான் இன்றைய பேச்சு. பாட்டுப் புத்தகம் கடையில் கிடைக்கிறது, செல்போனில் சும்மாவே கிடைக்கிறது, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பாட்டு நிஜமாகவே தேவைப்படுகிற இடத்தில் பெரும்பாலும் புத்தகம் இருப்பதில்லை. ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி இரண்டு மணி. துக்க வீட்டு வாசல். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற விடியாத சாலை. நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடக்கிற கால், பாட்டை நெஞ்சிலிருந்துதான் கேட்கும்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் துதித்துப் பாடுகிறார்கள். கால்கள் தொழுமரத்தில், அதாவது கைதிகளின் காலைப் பூட்டுகிற மரக்கட்டையில், மாட்டியிருக்கின்றன. பிறகு சிறைச்சாலைக்காரன் தீபங்களைக் கொண்டுவரச் சொல்கிறான் என்று வருகிறது. அப்படியென்றால் அதுவரை அங்கே இருட்டு. இருட்டில் எந்த ஏட்டைப் பார்த்துப் பாடியிருப்பார்கள்?

இன்னொரு காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்க் கீர்த்தனைகளில் பல்லவி அழைக்கும் அல்லது போற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. விஷயமெல்லாம் சரணங்களில் இருக்கும். பல பாட்டுகளில் இயேசுவின் பிறப்பு, பாடுகள், மரணம், உயிர்த்தெழுதல் என்று சரணம் சரணமாகக் கதை நடந்து, கடைசிச் சரணத்தில் பாடுகிறவர் தமக்காக ஒரு விண்ணப்பம் வைப்பார். பல்லவியோடு நிறுத்துவது, இலை போட்டு உப்பு வைத்ததும் பந்தியை விட்டு எழுந்துவிடுவது மாதிரி. நேரமில்லை என்று 'முதல் சரணமும் கடைசிச் சரணமும் பாடுவோம்' என்று சொல்கிற வழக்கம் வேறு வந்துவிட்டது. நடுச் சரணங்களை மறக்கடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பாட்டுகளைக் கட்டியவர்கள் மனப்பாடத்துக்காகவே கட்டினார்கள் என்று சொல்லலாம். 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், குறவஞ்சி போன்ற, ஜனங்களின் காதில் ஏற்கெனவே ஊறியிருந்த வடிவங்களை எடுத்துக்கொண்டார். எழுத்தறியாதவர்கள் நிறைந்த சபைகளில் உபதேசியார் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லித்தான் பாட்டு பரவியது. மோனை, வரியின் முதலெழுத்தைக் கையில் கொடுக்கும். எதுகை, அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சொல் மறந்து, வேறு சொல்லை வைத்தால் எதுகை தட்டும். காது உடனே கண்டுபிடித்துவிடும். புத்தகத்தில் அச்சுப்பிழையைக் கூட இப்படிப் பிடிக்கலாம்.

அப்படியிருந்தும் ஏன் மறக்கிறது? எல்லாச் சரணத்துக்கும் மெட்டு ஒன்றுதான். ஆகவே இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரி, மூன்றாம் சரணத்தில் போய் உட்கார்ந்தாலும் மெட்டு தடுக்காது. அடுத்தது, பல்லவி. ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் அதே பல்லவி வருகிறது. பல்லவி முடிந்த இடத்திலிருந்து நாலு வாசல் திறக்கின்றன; எதில் நுழைவது என்று பல்லவி சொல்லாது. இதற்கு மருந்து நம் இலக்கியத்திலேயே இருக்கிறது: அந்தாதி. ஒரு செய்யுளின் முடிவே அடுத்ததன் தொடக்கம். கீர்த்தனையில் அந்தாதி இல்லாவிட்டால் நாமே முடிச்சுப் போட வேண்டும். பல்லவியை விட்டுவிட்டு, முதல் சரணத்தின் கடைசிச் சொல்லையும் இரண்டாம் சரணத்தின் முதற்சொல்லையும் சேர்த்துப் பத்துத் தடவை சொல்லுங்கள். இப்படியே ஒவ்வொரு சந்திக்கும். இந்தப் பயிற்சி ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இதைச் செய்யாததால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

நாலு சரணமுள்ள ஒரு கீர்த்தனைக்கு ஒரு வாரம், தினம் கால் மணி நேரம் போதும். முதல் நாள் மெட்டே வேண்டாம். வாய்விட்டு வாசித்து, பொருள் தெரியாத சொற்களுக்கு அடிக்கோடு போட்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள். இரண்டாம் நாள் பல்லவியும் நாலாம் சரணமும். ஆமாம், கடைசிச் சரணம்தான் முதலில். மூன்றாம் நாள் மூன்றாம் சரணத்தைக் கற்று, அதிலிருந்து நாலாவது வரை பாட வேண்டும். அடுத்த நாள் இரண்டாவது, அதற்கடுத்த நாள் முதலாவது. இப்படிப் பின்னாலிருந்து வந்தால், பாடப் பாட அதிகம் பழகிய இடத்தை நோக்கிப் போவோம். முன்னாலிருந்து கற்றவர்கள் போகப் போகத் தெரியாத இடத்துக்குப் போகிறார்கள். குரலும் அதனால்தான் தேய்கிறது. ஆறாம் நாள் முன்சொன்ன முடிச்சுப் பயிற்சி. ஏழாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு முழுப் பாட்டையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே மட்டும் மறுபடி வேலை.

செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே பாடுவது பயிற்சி ஆகாது. பாடகர் அரை நொடி முன்னால் போக, நாம் பின்னால் ஒட்டிக்கொண்டு போவோம். தெரிந்தது போலவே இருக்கும். பல்லவி முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு அடுத்த சரணத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு வாரம் கற்றதோடு விட்டால் போய்விடும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறதி முதல் சில நாட்களில்தான் மலைச்சரிவாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது. ஆகையால் மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரத்தில் ஒரு முறை, பிறகு பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று புத்தகம் பாராமல் பாடினால் பாட்டு நிலைக்கும். மாதம் ஒன்று, வருஷத்துக்குப் பன்னிரண்டு. முழுசாகத் தெரிந்த பன்னிரண்டு, பாதி தெரிந்த நூறைவிட மேல்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. நம் பழைய வீடுகள் நேர்கோட்டில் போகிறவை: முகப்பு, தூண்கள் சூழ்ந்த முற்றமான வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வளவைத் தாண்டாமல் இரண்டாங்கட்டுக்குப் போக முடியாது. முதல் சரணத்தை முகப்பில் நின்று பாடுங்கள், இரண்டாவதை வளவில் தூண் ஓரமாக, இப்படியே உள்ளே. நாலு நாள் நடந்து பாடிவிட்டால், பிறகு எங்கே உட்கார்ந்திருந்தாலும் மனசு வீட்டுக்குள் நடக்கும், சரணம் வரிசையாக வரும். தவக்காலத்துச் சிலுவைப்பாதையில், இயேசுவின் பாடுகளை நினைத்து நின்று ஜெபிக்கிற 14 நிலைகளின் பாட்டும் பலருக்குத் தன்னால் மனப்பாடமாகி இருப்பதன் ரகசியமும் இதுதான். ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. பெரிய வீடு இல்லாதவர்கள் திண்ணை, கூடம், அடுப்படி, கொல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி சொற்கள். பழைய பாட்டுகளில் வடசொல் புணர்ச்சி அதிகம். 'பாதாரவிந்தம்' என்பது பாதம், அரவிந்தம், அதாவது பாதமாகிய தாமரை. 'திரியேகன்', மூவராயிருக்கிற ஒருவர். 'கிருபாசனம்', கிருபையின் ஆசனம். பிரித்துப் புரிந்துகொள்ளாமல் மெட்டோடு விழுங்கினால், மூச்சு எடுக்கிற இடத்தில் சொல் உடையும். அடுத்த தலைமுறை அந்த உடைந்த துண்டையே சொல்லாகக் கற்கும். ஒரு முறை தவறாகப் பதிந்த சொல்லைத் திருத்துவது, புதுப் பாட்டு ஒன்றைக் கற்பதைவிடக் கஷ்டம். முதல் நாள் மெட்டு வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

தாளத்தில் கவனிக்க வேண்டியது எடுப்பு. சில பாட்டுகள் தாளத் தட்டோடு தொடங்கும். சில அரை இடம் தள்ளித் தொடங்கும். புத்தகத்தில் ஆதி, ரூபகம் என்று போட்டிருந்தாலும் எடுப்பைக் காதால்தான் பிடிக்க முடியும். கையால் தட்டிக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள். மானாமதுரைக் கடம் வேண்டாம், தொடை போதும். சுருதிக்கு ஒரு தந்திரம்: பாட்டை எடுத்துக்கொடுக்கிறவர் பல்லவியை வைத்துச் சுருதி பார்க்கக் கூடாது. பெரும்பாலும் பல்லவியை அடுத்து வருகிற அனுபல்லவியில்தான் பாட்டு மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது உச்ச 'ஸ'வுக்கு, ஏறும். அந்த வரியை மனசுக்குள் ஒரு தடவை பாடி, தொண்டை இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் பாதியில் சபை முழுவதும் கீழே இறங்கும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக.

பாமாலைப் பாட்டுகள் வேறு ஜாதி. மேனாட்டு மெட்டுக்கு மொழிபெயர்த்தவை, பல்லவி கிடையாது, குறிலை நெடிலாக இழுக்க வேண்டிய இடங்கள் வரும். அங்கே எதுகையை நம்பாமல், கருத்து ஒரு கவியிலிருந்து, அதாவது ஒரு பத்தியிலிருந்து, அடுத்த கவிக்கு எப்படி நகர்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோரஸ்கள் என்கிற சின்னப் பாட்டுகள் இரண்டு நாளில் வந்துவிடும். ஆனால் கீபோர்டு இடையிசையோடு சேர்ந்தே பதிவதால், இசை இல்லாத வீட்டில் எங்கே தொடங்குவதென்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வாத்தியமில்லாமல் ஒரு தடவை பாடிப் பழகினால் சரியாகிவிடும். கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது கோயில் வட்டாரங்களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் வருஷத்து வழிபாட்டுச் சட்டத்தொகுப்புக்குப் பிறகு, லத்தீன் இருந்த பலிபீடத்துக்கே தமிழ் வந்தது, பாட்டுகளும் பெருகின. நல்லதுதான். ஆனால் பாடற்குழு வாரம் ஒரு புதுப் பாட்டு போட்டால் பீடத்துக்கு எதிரே இருக்கிறவர்கள் ரசிகர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு பாட்டை ஆறு வாரமாவது விடாமல் பாடினால்தான் பங்கு மக்கள் வாயில் ஏறும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சரணத்துக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுக்கலாம். வாரா வாரம் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இல்லையென்றால் மூத்தவனுக்கு முதல் சரணம், இளையவளுக்குக் கடைசிச் சரணம் என்று ஆளுக்கு ஒரு துண்டுதான் மிஞ்சும்.

கடைசியாக, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு. பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன சிலருக்கு, பழகிய பாட்டின் சொற்கள் வாயில் வருவதை மருத்துவர்கள் வெகுகாலமாகக் கவனித்திருக்கிறார்கள். அதை வைத்துப் பேச்சுப் பயிற்சி முறையே 1970-களில் அமெரிக்காவில் உருவானது. ஞாபகம் தவறிய முதியவர்களிலும் பலருக்குச் சிறுவயதுப் பாட்டு மற்றதெல்லாம் போன பிறகும் தங்கியிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. அவர்கள் இளமையில் பாடிய பாட்டையே எடுங்கள், நமக்குப் பிடித்த புதுப் பாட்டை அல்ல. வழக்கத்தைவிட ஒரு கட்டை இறக்கி, மெதுவாக, ஒரே ஒரு சரணம். புத்தகம் கையில் இல்லாததால் உங்கள் பார்வை அவர் முகத்தில் இருக்கும். உதடு அசைகிறதா பாருங்கள். அசைந்தால் வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்திவிட்டு, அவருக்காகக் கொஞ்சம் காத்திருங்கள்.

வணக்கம்.