விலைவாசியில் தொடங்கிய கோபம்: தியனன்மென்னுக்கு முந்தைய பத்து ஆண்டுகள்

(காட்சி: கடை வாசலில் முண்டியடிக்கும் கூட்டம். திரையில் எழுத்து: சீனா, 1988)

1988 ஆகஸ்ட் 19. சீன வானொலியிலும் செய்தித்தாள்களிலும் ஓர் அறிவிப்பு வருகிறது. பெரும்பாலான பொருட்களின் விலையை இனி அரசு கட்டுப்படுத்தாது, சந்தையே முடிவு செய்யும். கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை இதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

நகரங்களில் மக்கள் வங்கிக்கு ஓடினார்கள். சேமிப்பை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார்கள். உப்பு, சோப்பு, தீப்பெட்டி, துணி, குளிர்சாதனப் பெட்டி என்று கிடைத்ததை எல்லாம் வாங்கினார்கள். கையில் இருக்கும் நோட்டுக்கு அடுத்த மாதம் என்ன மதிப்பு இருக்குமோ என்ற பயம். அந்த ஆண்டு பணவீக்கம் 18 சதவீதத்தைத் தாண்டியது. ஆகஸ்ட் முடிவதற்குள் அரசு பின்வாங்கிவிட்டது.

அடுத்த ஜூனில், தியனன்மென் சதுக்கத்தில் கூடிய போராட்டத்தை அடக்க பெய்ஜிங் தெருக்களில் டாங்கிகள் வந்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது?

(காட்சி: வயல்வெளி, கிராமத்து வீடுகள்)

முதலில் பத்து ஆண்டுகள் பின்னால் போவோம். 1978இன் இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் செய்து கைரேகை வைத்தார்கள். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு மீதியைத் தாங்களே வைத்துக்கொள்வது என்று முடிவு. இதற்காக யாராவது சிறைக்குப் போனால் அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பிறகு டெங் சியாவோபிங் ஆட்சியில் இதே முறை நாடு முழுக்கப் பரவியது.

அதே குளிர்காலத்தில் பெய்ஜிங்கின் சிடான் பகுதியில் ஒரு நீண்ட சுவரில் மக்கள் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். விவசாயம், தொழில், பாதுகாப்பு, அறிவியல் என நான்கு நவீனமயமாக்கம் பற்றி அரசு பேசியது. மின்பணியாளரான வெய் ஜிங்ஷெங், ஐந்தாவதாக ஜனநாயகமும் வேண்டும் என்று எழுதி ஒட்டினார். அவருக்கு 15 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பொருளாதாரத்தில் கதவைத் திறக்கலாம், அரசியலில் கூடாது. டெங்கின் எல்லைக்கோடு ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தது.

(காட்சி: இரும்புக் கிடங்கு)

இப்போது விலைக்கு வருவோம். 1980களின் நடுவில் சீனாவில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருந்தது. உருக்காலை ஒன்று, ஒதுக்கீட்டு அளவை அரசுக்குக் குறைந்த திட்ட விலையில் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் உற்பத்தி செய்வதைச் சந்தை விலைக்கு விற்கலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆலைகள் சுறுசுறுப்பாகின, உற்பத்தி கூடியது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் திட்ட விலையில் சரக்கு எடுக்க ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு யாருக்குக் கிடைக்கும்? அதிகாரிக்கு, அவருடைய மகனுக்கு, மருமகனுக்கு, அவர்கள் திறந்த கம்பெனிக்கு. ரேஷன் அரிசியை வெளிச்சந்தையில் விற்பது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே கைமாறியது இரும்பு, சிமென்ட், நிலக்கரி. சில நேரம் இரும்பு கிடங்கை விட்டு நகரவே நகராது. சீட்டு மட்டும் பல கை மாறும், ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். மக்கள் இதைக் 'குவான்தாவ்' என்று சபித்தார்கள். மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஆலைத் தொழிலாளிக்கும் ஆசிரியருக்கும் கறி, முட்டை விலை எட்டாமல் போய்க்கொண்டிருந்தபோது, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர் பணக்காரராகிக்கொண்டிருந்தார். விலை ஏறியதைவிட இந்த அநியாயம்தான் மக்களை அதிகமாகச் சுட்டது என்பது என் எண்ணம்.

(காட்சி: தியனன்மென் சதுக்கம், ஏப்ரல் 1989)

1989 ஏப்ரல் 15 அன்று ஹூ யாவ்பாங் இறந்தார். மாணவர் போராட்டத்தை அடக்கத் தவறியவர் என்று 1987இல் கட்சிப் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து இறக்கப்பட்டவர், நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். அஞ்சலி செலுத்த வந்த மாணவர்களின் கோரிக்கைகளில் பத்திரிகைச் சுதந்திரம் இருந்தது. தலைவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் வருமானத்தை வெளியிட வேண்டும் என்பதும் இருந்தது. இந்தக் கோரிக்கையைத்தான் நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். ஏப்ரல் 22 அன்று இறுதிச் சடங்கின்போது மூன்று மாணவர்கள், சதுக்கத்தை ஒட்டி நாடாளுமன்றம் கூடும் கட்டடமான மக்கள் மாமண்டபத்தின் படிகளில் மண்டியிட்டு, மனுவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். வாங்கிக்கொள்ள எந்தத் தலைவரும் வெளியே வரவில்லை. நான்கு நாள் கழித்து, கட்சியின் மக்கள் நாளிதழ் தலையங்கம் இந்தப் போராட்டத்தைக் 'கலவரம்' என்றது.

மாணவர்களோடு தொழிலாளர்களும் வந்தார்கள். ரயில்வேயில் மின்பணியாளராக இருந்த ஹான் டாங்ஃபாங் போன்றவர்கள் பெய்ஜிங் தொழிலாளர் தன்னாட்சிக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். பணவீக்கம், குவான்தாவ், தலைவர் வீட்டுச் சொகுசு ஆகியவற்றைப் பற்றி அவர்களுடைய துண்டறிக்கைகள் நேரடியாகவே கேட்டன. கட்சி அதிகம் பயந்தது இவர்களைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது. ஆலைத் தொழிலாளியின் பெயரில் ஆளும் கட்சிக்கு எதிராக அந்தத் தொழிலாளியே சங்கம் அமைப்பது சாதாரண விஷயமா?

மே 19 அதிகாலை, பொதுச்செயலாளர் சாவ் சியாங் கையில் ஒலிபெருக்கியோடு, சதுக்கத்தில் உண்ணாவிரதம் இருந்த மாணவர்களிடம் வந்து, தாங்கள் மிகவும் தாமதமாக வந்துவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு அவர் பொதுவெளியில் தோன்றவில்லை. 2005இல் வீட்டுக்காவலிலேயே இறந்தார். 1989 மே 20 அன்று ராணுவச் சட்டம் வந்தது. ஜூன் 3 இரவு துருப்புகள் நகருக்குள் சுட்டுக்கொண்டே நுழைந்தன. சதுக்கத்துக்கு மேற்கே முசிடி பகுதியில், ராணுவத்தை மறித்து நின்ற சாதாரண நகரவாசிகளும் தொழிலாளர்களும் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களின் முழுப் பட்டியலை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அதற்குப் பிறகு மாணவர் தலைவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஷாங்காயில் மூன்று பேரை அந்த ஜூனிலேயே அவசர அவசரமாக மரண தண்டனைக்கு உள்ளாக்கினார்கள். அவர்களில் ஒருவரும் மாணவர் இல்லை.

(காட்சி: ஷென்சென் கட்டடங்கள்)

அப்புறம் சீர்திருத்தம் நின்றதா? சில காலம் தயங்கியது. 1992 தொடக்கத்தில் டெங் தெற்கே ஷென்சென், சுஹாய் என்று பயணம் போய் மறுபடி வேகம் கொடுத்தார். 1988இல் வங்கி வாசலில் மக்களைக் குவித்த அதே விலைச் சீர்திருத்தம், 1990களின் தொடக்கத்தில் பெரிய சத்தம் இல்லாமல் நடந்து முடிந்தது. எதிர்த்துக் கேட்பதற்கு அமைப்பும் இல்லை, துணிச்சலும் இல்லை. பணவீக்கம் தணிந்திருந்ததும் உதவியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1990களின் கடைசியில் அரசு ஆலைகள் மூடப்பட்டுக் கோடிக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். 2002இல் லியாவ்யாங் நகரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது அவர்கள் கேட்டது நிலுவைச் சம்பளம், ஊழல் அதிகாரிகள் மீது நடவடிக்கை. முன்னின்று நடத்திய இருவருக்குச் சிறை. சுதந்திரத் தொழிற்சங்கத்துக்கு சீனாவில் இன்றும் இடமில்லை. நாட்டுக்குள் திரும்பவிடப்படாத ஹான் டாங்ஃபாங், 1994இல் ஹாங்காங்கில் ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பைத் தொடங்கி, சீன ஆலைகளில் நடக்கும் வேலைநிறுத்தங்களைப் பதிவு செய்துவந்தார். 2025 ஜூனில் அதுவும் மூடப்பட்டது.