இடது காலுக்கு மறுபடி வேலை

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் எலெக்ட்ரிக் கார் வந்து சில வருஷமாகிறது. போன மாதம் அதை மகள் வெளியூருக்கு எடுத்துப் போயிருந்த நேரம் பார்த்து கொடைக்கானலில் ஒரு விசேஷம் வந்தது. மச்சான் தன் பெட்ரோல் காரின் சாவியைக் கையில் கொடுத்து, "நீங்களே ஓட்டுங்க மாப்ள, நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்" என்றார். கியர் மாற்றி ஓட்டுகிற வண்டி. அந்தப் பயணத்தில் கவனித்ததைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன், ஏனென்றால் மின்சாரக் காருக்குப் பழகினவர்கள் இப்போது நிறைய பேர், அவர்களும் என்றைக்காவது ஒருநாள் தம்பி காரையோ வாடகைக் காரையோ எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

கோரிப்பாளையம் நெரிசலிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மின்சாரக் காரில் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையைக் கொடுக்கும், மிதித்தால் வண்டி நகரும், அவ்வளவுதான். பெட்ரோல் என்ஜின் அப்படி இல்லை, நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும், அதுவும் நல்ல இழுவை வருவது அதற்கு மேலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான். சுற்றிக்கொண்டிருக்கிற என்ஜினை நின்றுகொண்டிருக்கிற சக்கரத்தோடு நைசாகச் சேர்க்கத்தான் இடது காலால் மிதிக்கிற க்ளட்ச், சக்கரம் எந்த வேகத்தில் ஓடினாலும் என்ஜினை அந்த நல்ல சுற்றிலேயே வைத்திருக்கத்தான் ஐந்து கியர். இத்தனை வருஷம் ஓட்டியும் இதை நான் யோசித்ததே இல்லை. சும்மா கிடந்த இடது கால் க்ளட்சைப் பாதி மிதித்த ஹாஃப் க்ளட்சில் நின்று நின்று கெண்டைக்கால் வலிக்கும்போதுதான் அந்த ஏற்பாடு முழுக்க எதற்காக என்று புரிகிறது.

நிலக்கோட்டை தாண்டி வத்தலக்குண்டு போகிற ரோட்டில்தான் உண்மையாகவே கவனம் வேண்டும். முன்னால் ஒரு லாரி, எதிரே தூரத்தில் பஸ். மின்சாரக் காருக்குப் பழகின கண் அந்த இடைவெளியைப் பார்த்ததும் "போயிரலாம்" என்று கணக்குப் போட்டுவிடும், ஏனென்றால் அதில் மிதித்த மறுகணம் பிக்கப் வந்துவிடும். இதிலோ ஐந்தாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கி, என்ஜின் இரைந்து எழுந்து, அப்புறம்தான் வண்டி பாயும். அந்த ஒன்றிரண்டு நொடிக்குள் எதிரே வருகிற பஸ் எவ்வளவு கிட்டே வந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வண்டி மாறின அன்றைக்கு ஓவர்டேக்கே வேண்டாம், லாரிக்குப் பின்னாலேயே போங்கள், பத்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

பெட்ரோல் காருக்கு உள்ள நல்லதையும் சொல்ல வேண்டும். பங்கில் நுழைந்தோம், பையன் "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்றான், ஐந்து நிமிஷத்தில் டேங்க் நிறைந்தது. சார்ஜர் வேலை செய்யுமா, வேறு யாராவது போட்டிருப்பார்களா என்ற யோசனையே இல்லை. மலை மேலே குளிருக்கு ஹீட்டர் போட்டாலும் தனியாகச் செலவில்லை, என்ஜின் சூட்டிலேயே வருகிறது.

ஆனால் அந்தச் சூடுதான் விஷயமே. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. 9 யூனிட்டில் சின்ன மின்சாரக் கார் ஒன்று அறுபது கிலோமீட்டர் பக்கம் போய்விடும், அதே சைஸில் உள்ள பெட்ரோல் கார் ஒரு லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி என்கிறோம். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் சக்கரத்தைச் சுற்றுவது இருபத்தைந்து முப்பது ரூபாய்தான், மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போகிறது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும்போதும் வீணாகத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள், சரி, அதுவும் உண்மைதான். ஆனால் நம் பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது, முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்த மின்சாரத்திலும் கார் ஓடும். பெட்ரோல் என்ஜினுக்குப் பெட்ரோலை விட்டால் வழியில்லை.

இறக்கத்துக்கு வருவோம், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கிருந்து பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று காட் ரோட்டில் அடிவாரத்துக்கு வந்தால் ஏறக்குறைய 1,700 மீட்டர் இறங்குகிறோம். ஒன்றரை டன் வண்டிக்கு அது கிட்டத்தட்ட 7 யூனிட் ஆற்றல். மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்த 7 யூனிட்டில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பும், பிரேக்கைத் தொடுகிற வேலையே குறைவு. பெட்ரோல் காரில் டாப் கியரில் காலை எடுத்தால் வண்டி தன்பாட்டுக்கு வேகம் பிடிக்கும். பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் டிஸ்க் காய்ந்து ஒரு தீய்ந்த வாடை வரும், அதற்கு மேலும் சூடேறினால் பிரேக் பிடிக்கிற பலமே குறைந்துவிடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வது அதற்குத்தான், இரண்டாவது கியர் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் விழுவதே நின்றுவிடும், சக்கரமே அதைச் சுற்றும். நியூட்ரலில்தான் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடிக்கும். என்ஜினையே அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும்.

மின்சாரக் காரில் கொடைக்கானல் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி ரூமில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வருகிற மின்சாரத்துக்கு இடமில்லை, அதனால் காலை எடுத்தாலும் வண்டி வழக்கம்போல் இழுத்துப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேலே விழும். எண்பதோடு நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள், அடிவாரம் வரும்போது அது குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் கூடியே இருக்கும்.

நன்றி, வணக்கம்.