ஆர்டர் கொடுப்பது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘போருக்குத் தீனி போடுவது அரசின் தேவையா, ஆயுத வியாபாரமா?’ என்பது தலைப்பு. வியாபாரமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் பலத்த கைதட்டல் வாங்கினார். “அருவா அடிச்சுக் கொடுத்த கொல்லன் மேல கொலைக் கேஸ் போடுவீங்களா? அரசு ஆர்டர் கொடுக்குது, கம்பெனி செஞ்சு தருது. அவ்வளவுதான்!” என்றார். நானும்தான் தட்டினேன். ஒரே ஒரு சந்தேகம். வாங்குகிறவரே “வேண்டாம்” என்று சொன்ன பிறகும் அருவா வீட்டு வாசலில் வந்து இறங்கினால், அதற்குப் பெயர் ஆர்டரா அண்ணே?

அமெரிக்காவில் நடந்தது. ஒஹாயோ மாநிலத்தில் லைமா என்று ஒரு சிற்றூர். ஆப்ராம்ஸ் என்னும் போர் டாங்கிகள் அங்கேதான் உருவாகின்றன. ஆலை அரசுக்குச் சொந்தம். நடத்துவது ஜெனரல் டைனமிக்ஸ் கம்பெனி. நாம் இங்கே இரண்டு அணியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறோம், அங்கே இரண்டுக்கும் ஒரே கூரை! 2012இல் தரைப்படைத் தளபதி ரேமண்ட் ஒடியர்னோ, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வந்து, டாங்கிகளின் சராசரி வயதே இரண்டரை ஆண்டுதான், நல்ல நிலையில் இருக்கின்றன என்றார். சில ஆண்டுகள் வேலையை நிறுத்தி வைத்து, மிஞ்சும் பணத்தை வேறு தேவைக்குப் பயன்படுத்தலாம் என்பது படையின் கணக்கு. கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே 2000-க்கும் மேற்பட்ட டாங்கிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

சண்டைக்குப் போகிறவன் போதும் என்கிறான். சண்டைக்குப் போகாத 173 பிரதிநிதிகள், இரு கட்சியினரும் கைகோத்து, ஆலையை நிறுத்தாதீர்கள் என்று பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். படை கேட்காத பணத்தைக் காங்கிரஸ் ஒதுக்கியது. நம்மூரில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதற்காவது இப்படிச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உதிரி பாகங்கள் பல மாநிலங்களில் தயாராகின்றன. ஆலை நின்றால் பல தொகுதிகளில் வேலை போகும், கம்பெனி தரும் தேர்தல் நிதியும் குறையும். வேலை போனால் அந்தக் குடும்பங்கள் என்ன செய்யும் என்பது நியாயமான கேள்விதான். அதைத் தொழிலாளர் பிரச்சினை என்றே பேசுங்கள். தேசப் பாதுகாப்பு என்று லேபிள் ஒட்டாதீர்கள்.

சரி, கொல்லன் கதைக்கே வருவோம். பட்டறைக்காரரே ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரானால்? ஜேம்ஸ் மேட்டிஸ், ஜெனரல் டைனமிக்ஸ் இயக்குநர் குழுவிலிருந்து பாதுகாப்பு அமைச்சரானார். பதவி விலகியதும் அதே குழுவுக்குத் திரும்பினார். மார்க் எஸ்பர், ரேதியான் என்ற ஆயுதக் கம்பெனிக்காக அரசிடம் பேசிவந்தவர், 2019இல் அமைச்சர். 2021இல் வந்த லாயிட் ஆஸ்டின், ரேதியானின் இயக்குநர் குழுவில் இருந்தவர். கட்சி மாறியது, கம்பெனி மாறவில்லை. படையும் ஆயுதத் தொழிலும் கைகோத்தால் ஆபத்து என்று அதிபர் ஐசன்ஹோவர் 1961இல் எச்சரித்ததை எல்லா மேடையிலும் சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை.

“இதெல்லாம் பட்ஜெட் விவகாரம், போர் எங்கே வந்தது?” என்று அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. ஏமனுக்கு வாருங்கள். 2018 ஆகஸ்ட் 9, சாதா மாகாணம், தஹ்யான் சந்தை. பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்தின் மேல், ஏமன் போரில் இறங்கியிருந்த சவூதி கூட்டணியின் விமானம் குண்டு போட்டது. 40 குழந்தைகள் இறந்தார்கள். சிதறிக் கிடந்த துண்டுகளில் இருந்த எண்களை வைத்து, அது அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி தயாரித்த குண்டு என்று கண்டுபிடித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில், பத்திரிகையாளர் ஜமால் கஷோகி சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட பிறகும் சவூதியை ஏன் கைவிட மாட்டோம் என்று அதிபர் டிரம்ப் ஓர் அறிக்கை விட்டார். ஈரானைக் காரணம் காட்டினார், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அறிக்கையில் போயிங், லாக்ஹீட் மார்ட்டின், ரேதியான் என்று மூன்று கம்பெனிகளின் பெயரையும் சொல்லி, வரவேண்டிய ஆர்டர் 11,000 கோடி டாலர் என்றும் சொன்னார். மறு ஆண்டு ஆயுத விற்பனையைத் தடுக்கக் காங்கிரஸ் தீர்மானங்கள் நிறைவேற்றியபோது, ரத்து அதிகாரத்தால் அவற்றை முறியடித்தார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்று சொல்லட்டும், நடுவர் அவர்களே. வெறும் கொல்லன்தான் என்றால், நாட்டின் அதிபர் விடும் அறிக்கையில் அவன் பெயருக்கு என்ன வேலை?