தீபாவளி விடியலும் மேட்டுத் தொட்டியும்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பம்ப் ஹவுஸ் வேலையிலேயே என் காலம் போனது. அதனால், மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பதை இன்று சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

10 மீட்டர் மேடு ஏறினால் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தை இழந்துவிடும். ரோட்டோரக் குழாயில் 3 பார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 25 மீட்டர் உயரத்தில் உள்ள தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், மிஞ்சுவது அரை பார். அது மாடிவீட்டுக் கூரைத் தொட்டிக்குக்கூட ஏறாது. இதில் உராய்வு வேறு. ஒரே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீர் ஓடினால் உராய்வில் போகும் அழுத்தம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்ற இடமெல்லாம் தாமான் ஆகிவிட்டது. தோட்டத் தொழிலாளர்களின் நாலு லயத்து வீடுகளுக்குப் போட்ட பழைய குழாய் எவ்வளவுதான் தாங்கும்?

அங்கேதான் பூஸ்டர் பம்ப் வருகிறது. கீழ்த்தொட்டியில் இருந்து எடுத்து மேட்டுத் தொட்டிக்குத் தள்ளும். அப்புறம் தண்ணீர் தானாகவே வீடுகளுக்கு இறங்கிவிடும். ஒரு பம்ப் ஓட, இன்னொன்று தயாராக நிற்கும். கரண்ட் போனால் ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காதபடி செக் வால்வு மூடிக்கொள்ளும். அது படாரென்று மூடினால் குழாயில் சம்மட்டி அடித்த மாதிரி அதிரும். பழைய குழாய் வெடிப்பதும் உண்டு.

எங்களுக்குப் பெரிய பரீட்சை தீபாவளி. நாலு மணிக்கே எல்லா வீட்டிலும் எண்ணெய்க் குளியல் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பம்பை முடுக்கி ஈடுகொடுக்க முடியாது. ஊர் உறங்கும்போதே மேட்டுத் தொட்டியை நிரப்பி வைத்துவிட வேண்டும். முதல் நாள் இரவு டார்ச் அடித்து அளவுகோலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். விடியலில் மட்டம் மளமளவென்று இறங்கும். ஆனால் மேட்டில் ஒரு குழந்தையும் தலையில் சீயக்காயோடு காத்து நின்றதில்லை. அதுதான் எனக்குத் தீபாவளி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பம்ப் தண்ணீரை உண்டாக்காது, இருப்பதைத் தள்ளும், அவ்வளவுதான். உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போதாவிட்டால் அது பக்கத்துக் குழாய்களையும் காலி செய்துவிடும். ஒருமுறை மேட்டில் ஒரு பாட்டி, "தம்பி, குழாய் மூச்சு விடுது, வந்து பாருப்பா" என்று கூப்பிட்டார். குழாய்வாயில் உள்ளங்கையை வைத்தேன். கையை உள்ளே இழுத்தது! கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் மெயின் குழாயிலேயே நேராக பம்ப் மாட்டியிருந்தார்கள். குழாய் அப்படி உள்ளிழுக்கும்போது, மண்ணுக்குள் எங்காவது விரிசல் இருந்தால் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வரும். அதைத்தான் பிள்ளைகள் குடிக்கும்.

அழுத்தம் குறைவாக இருந்தால் முதலில் புகார் கொடுங்கள். வீட்டுக்குப் பம்ப் வேண்டும் என்றால், தாராளமாக வையுங்கள். ஆனால் மீட்டரில் இருந்து வரும் தண்ணீர் முதலில் உங்கள் தொட்டியில் விழட்டும். பம்ப் அந்தத் தொட்டியில் இருந்து எடுக்கட்டும். அந்தக் கீழ்த்தெரு வீட்டிலும் அப்படித்தான் மாற்றினோம். அன்று சாயங்காலமே பாட்டி வீட்டு வாளி நிறைந்தது.