ஸ்டீராய்டு கண் சொட்டு: குலுக்காம போட்டா மருந்து அடியிலேயே தங்கிடும்

வணக்கம் மக்களே. கண்ணோட மேற்பரப்புல அழற்சின்னு டாக்டர் ஸ்டீராய்டு சொட்டு எழுதித் தந்தா அதை எப்படிப் போடணும்னு இன்னைக்குப் பாக்கலாம்.

கேமராவுக்குக் கிட்ட காட்டறேன். இது பிரெட்னிசோலோன் அசிடேட் 1 சதவீதம். அடியில வெள்ளையா படிஞ்சிருக்கு பாருங்க, அதுதான் மருந்து. தண்ணியில கரையாது, துகளா மிதக்கும். குலுக்காம போட்டா ஆரம்பத்துல வீரியம் கம்மியா விழும், பாட்டில் தீரப்போற நேரத்துல கூடுதலா விழும். ஒவ்வொரு தடவையும் நல்லா குலுக்குங்க. டைஃப்ளுப்ரெட்னேட்னு இன்னொரு ஸ்டீராய்டு சொட்டு எமல்ஷனா, அதாவது பால் மாதிரி எண்ணெயும் தண்ணியும் கலந்து வர்றதால அதுக்கு இந்தத் தொல்லை இல்ல.

கையைக் கழுவிட்டு, கீழ் இமையை லேசா இழுத்து, பாட்டில் முனை எங்கயும் படாம ஒரே ஒரு சொட்டு. ரெண்டு போட்டா சீக்கிரம் ஆறும்னு நினைக்காதீங்க. கண்ணுல எப்பவும் இருக்கற கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டே 30லேர்ந்து 50 வரைக்கும் இருக்கும். கண் பிடிக்கறதே 30 போல. மிச்சம் கன்னத்துல வழியும்.

போட்டதும் படபடன்னு இமைக்கக் கூடாது. இமைக்க இமைக்க மருந்து மூக்குக்குள்ள இறங்கிடும், தொண்டை கசக்கறது அதனாலதான். கண்ணை மெதுவா மூடி, மூக்கை ஒட்டின மூலையை, எலும்புப் பக்கமா, 2, 3 நிமிஷம் விரலால அழுத்திக்கோங்க. கண் உருண்டையை அழுத்த வேண்டாம். குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பா செய்யுங்க, உடம்புக்குள்ள ஸ்டீராய்டு போறது குறையும்.

வேற சொட்டு இருந்தா 5 நிமிஷம் இடைவெளி விடுங்க, இல்லன்னா ரெண்டாவது சொட்டு முதல்ல போட்டதை அடிச்சிட்டுப் போயிடும். ஆயின்மென்ட் எப்பவும் கடைசி.

சிவப்பு போயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தினா அழற்சி திரும்பும். டாக்டர் சொன்ன கணக்குல படிப்படியா குறைக்கணும். வாரக்கணக்குல போட்டா கண்ணழுத்தம் ஏறலாம், வலியே தெரியாது, அதனால அளந்து பாக்கணும். லோட்டெப்ரெட்னால்ங்கற ஸ்டீராய்டு, வேலை முடிஞ்சதும் கண்ணுக்குள்ளயே உடைஞ்சுடற மாதிரி வடிவமைச்ச மருந்து. அதுல அழுத்தம் ஏறறது குறைவு, ஆனா அதுக்கும் பரிசோதனை வேணும்.

வயல்ல நெல்தாள் குத்திச் சிவந்த கண்ணுக்கு வீட்டுல மீந்த பாட்டிலை எடுக்கவே எடுக்காதீங்க. பூஞ்சைப் புண்ணா இருந்தா ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும், கருவிழியே ஓட்டையாகலாம். அன்னைக்கே கண் டாக்டர்ட்ட போயிடுங்க.