1906: ஒரே வருடத்தில் இத்தனை பூகம்பங்களா?

நேயர்களுக்கு வணக்கம். பூகம்பத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, எந்தப் பூகம்பத்தைப் பற்றி என்று கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார்கள். அந்தச் சுதந்திரத்தை எனக்குக் கொடுத்திருக்கக் கூடாது. ஒரு பூகம்பத்துக்குப் பதில் ஒரு முழு வருடத்தையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். 1906.

1906 என்றதும் விஷயம் தெரிந்தவர்கள் சான் பிரான்சிஸ்கோ என்பார்கள். சரிதான், ஆனால் அந்த வருடத்தில் அதைவிடப் பலமான பூகம்பங்கள் வேறு நடந்தன. அவற்றின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. ஏன் ஒன்று மட்டும் நினைவில் நின்றது என்பதுதான் என்னைப் பல நாளாக அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி.

கதையை டோக்கியோவிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கவியல் பேராசிரியர் ஃபுசாகிச்சி ஓமோரி. உலகம் முழுக்க மதித்த ஆள். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் அகிட்சுனே இமாமுரா. இந்த இமாமுரா 1905-இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார்: இன்னும் 50 வருடத்துக்குள் டோக்கியோவைப் பெரிய பூகம்பம் தாக்கலாம், தீப்பிடித்தால் லட்சக்கணக்கில் சாவு விழும், ஆகவே தண்ணீருக்கும் விளக்குக்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள் என்று. 1906 ஜனவரியில் ஒரு நாளிதழ் இதற்குக் கையும் காலும் வைத்து வெளியிட, ஊரே கலவரப்பட்டது. உடனே ஓமோரி, இதற்கெல்லாம் அடிப்படை கிடையாது, பயப்படாதீர்கள் என்று மறுத்து எழுதினார். இமாமுராவுக்குப் பொய்யர் என்ற பட்டம்தான் மிச்சம். இந்த இரண்டு பேரையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 31, காலை பத்தரை மணி சுமாருக்கு எக்குவடோர், கொலம்பியா இரண்டுக்கும் அருகே பசிபிக் கடலடியில் பூமி கிழிந்தது. இதன் அளவு 8.8 என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள், அண்மை ஆய்வுகள் சில அதைக் கொஞ்சம் குறைக்கின்றன. (இந்த எண்கள் எல்லாமே பிற்காலத்தில் கணக்கிட்டவை. ரிக்டர் அளவுகோல் வந்ததே 1935-இல்தான்.) 8.8 என்றே வைத்துக்கொண்டால், சான் பிரான்சிஸ்கோவில் வெளிப்பட்ட சக்தியைப் போல இருபது மடங்குக்கு மேல். கூடவே சுனாமி. கரையோரக் கிராமங்களில் 500 முதல் 1,500 பேர் வரை போனதாகச் சொல்கிறார்கள். பாருங்கள், ஐந்நூறுக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் நடுவே ஆயிரம் உயிர். யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை என்பது அந்த இடைவெளியிலேயே தெரிகிறது. அலை ஹவாய்த் தீவு வரை போனது. அதே இடம் பிறகு 1942, 1958, 1979 என்று மூன்று தடவை துண்டு துண்டாக உடைந்தது. ஒரே மூச்சில் கிழிந்ததை மறுபடி கிழிக்கப் பூமிக்கு மூன்று தவணை தேவைப்பட்டது.

மார்ச் 17 காலையில் தைவான். அப்போது போர்மோசா என்பார்கள், ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜியாயி பக்கம் மெய்ஷான் என்ற இடத்தில் வந்த இந்தப் பூகம்பத்தின் அளவு 7-ஐ ஒட்டித்தான், ஆனால் 1,250 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் வீடுகள். வெயிலில் காயவைத்த மண்கல்லில் எழுப்பிய சுவர், மேலே கனமான கூரை. ஆடும்போது மண்சுவர் வளைந்து கொடுக்காது, அப்படியே உதிர்ந்து உட்கார்ந்துவிடும், கூரை ஆள்மேல் இறங்கும். அதற்கு முந்தைய வருடம், 1905 ஏப்ரல் 4 அன்று, நம் இமாசலத்தின் காங்க்ராவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே. அங்கே சுமார் 20,000 பேர். 1906-இல் நான் சொல்லப்போகும் பூகம்பங்கள் அத்தனையையும் கூட்டினாலும் அந்த எண் வராது. அளவு பெரிது என்பதும் சாவு அதிகம் என்பதும் ஒன்றல்ல.

ஓமோரி போர்மோசாவுக்குப் போய் இடிந்த வீடுகளைப் பார்த்து, வெடிப்பை அளந்து குறிப்பெடுத்தார். அந்த வேலை முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து செய்தி வந்துவிட்டது.

ஏப்ரல் 18, புதன்கிழமை, விடியற்காலை 5 மணி 12 நிமிடம். சான் பிரான்சிஸ்கோவில் சுமார் நான்கு லட்சம் ஜனம், பாதிக்கு மேல் தூக்கத்தில். இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கரூசோ முந்தின இரவுதான் அங்கே ஓபராவில் பாடிவிட்டு ஓட்டலில் படுத்திருந்தார், இனி இந்த ஊர்ப்பக்கமே வரமாட்டேன் என்று கிளம்பிப் போனவர் உண்மையிலேயே திரும்ப வரவில்லை. சான் ஆண்ட்ரியாஸ் என்ற பிளவு கிட்டத்தட்ட 477 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது, சென்னையிலிருந்து மதுரை போகும் தூரத்துக்குக் கூடுதல். ஓலேமா என்ற ஊருக்கு அருகே ஒரு சாலை நடுவில் அறுபட்டு, ஒரு பாதி ஆறு மீட்டர் தள்ளிப் போய் நின்றது. அந்த ஊரில் பூமி பிளந்து ஒரு பசுவை விழுங்கியது, வால் மட்டும் வெளியே தெரிந்தது என்று ஒரு கதை கிளம்பி, பெரிய நிலவியல் அறிஞரே அதை எழுதி வைத்தார். அது முன்பே செத்த மாடு, புதைக்கச் சோம்பல்பட்டுக் குழியில் தள்ளிவிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் நம்பும்படியாக இருக்கிறது.

ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. ஊரைத் தின்றது தீ. நிலத்தடியில் ஓடிய தண்ணீர்க் குழாய்கள் உடைந்து கிடந்தன. தீயணைப்புத் துறைத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் முதல் நிமிடங்களிலேயே படுகாயம் அடைந்து, சில நாளில் இறந்தும் போனார். அப்புறம் ஹேய்ஸ் பள்ளத்தாக்கு என்ற நகரப் பகுதியில் ஓர் அம்மா காலைப் பலகாரம் செய்ய அடுப்பை மூட்டினார். புகைபோக்கி விரிசல் விட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த அடுப்பில் கிளம்பிய நெருப்பு தெருத்தெருவாகப் பரவியது. முட்டையும் பன்றிக்கறியும் சமைத்த தீ என்றே இன்றும் அதற்குப் பெயர். தண்ணீர் இல்லை என்றதும் பட்டாளத்தார் வெடிமருந்து வைத்து வீடுகளைத் தகர்த்துத் தீயின் வழியை அடைக்கப் பார்த்தார்கள். பழக்கமில்லாத கை, பல இடங்களில் அந்த வெடியே புதுத் தீயை மூட்டியது. 28,000 கட்டடங்கள் போயின, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. அன்று நகரத்துக்கான அதிகாரபூர்வச் சாவுக் கணக்கு ஐந்நூறைத் தொடவில்லை. அந்த நகரத்தில் நூலகராக இருந்த கிளாடிஸ் ஹேன்சன் என்ற பெண்மணி, பல பத்தாண்டுகள் கழித்து, ஒவ்வொரு பெயராகத் தேடி எண்ணத் தொடங்கி 3,000-க்கு மேல் என்று சொன்ன பிறகுதான் நிலவரம் புரிந்தது. ஏன் குறைத்தார்கள்? ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பூகம்பம் என்ற சொல்லே ஆகவில்லை. தீ என்றால் எந்த ஊரிலும் வரும், மறுபடி கட்டலாம், வியாபாரிகள் பணம் போடுவார்கள். பூகம்பம் என்றால் அடுத்தது எப்போது என்று கேட்பார்கள். ஆகவே அது "1906 தீ" ஆகிவிட்டது. இன்சூரன்ஸும் இதற்கு ஒத்து ஊதியது: பாலிசி தீக்குத்தான், பூகம்பத்துக்கு இல்லை. ஆட்டத்தில் விழுந்த வீட்டுக்குக் காசு கிடையாது, எரிந்த வீட்டுக்கு உண்டு என்றால், விரிசல் விட்ட வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் என்ன செய்வான்? சிலர் தாமே தீ வைத்ததாகச் சொல்கிறார்கள். லண்டனின் லாய்ட்ஸ் என்ற இன்சூரன்ஸ் சந்தையில் இருந்த கத்பர்ட் ஹீத், நிபந்தனையெல்லாம் பார்க்காமல் எல்லாருக்கும் முழுசாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவருடைய பெயர் அமெரிக்காவில் நின்றது அப்படித்தான். ஐரோப்பியக் கம்பெனிகள் சில கையை விரித்தன.

சாவுக் கணக்கில் விட்டுப்போனவர்களில் சைனாடவுன்காரர்கள் உண்டு. அந்த இடம் நல்ல விலைபோகும், சீனர்களை ஊருக்கு வெளியே தள்ளிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள், அது நடக்கவில்லை. ஆனால் இன்னொன்று நடந்தது. நகர அலுவலகத்தில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒரு சீனர் சொன்னால் இல்லை என்று நிரூபிக்கக் காகிதம் இல்லை. அப்படிக் குடியுரிமை வாங்கியவர்கள், சீனாவில் எனக்குப் பிள்ளை இருக்கிறான் என்று எழுதிக்கொடுத்து, உறவே இல்லாத பையன்களைக்கூட மகன் என்று வரவழைத்தார்கள். காகித மகன்கள் என்று அவர்களுக்குப் பெயர். பூகம்பத்தால் வம்சம் அழிந்த கதை கேட்டிருப்பீர்கள், வம்சம் முளைத்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

ஓமோரி அங்கேயும் போனார். ஜப்பான் அனுப்பிய நிவாரணப் பணம் மற்ற வெளிநாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம். அப்படிப்பட்ட நாட்டின் விஞ்ஞானி தெருவில் கருவியோடு நின்றபோது, இளவட்டங்கள் சில கல்லெறிந்தார்கள். வடக்கே யுரேகாவில் ஒருவன் அடித்தே விட்டான். அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் வேலையைப் பார்த்தார். அக்டோபரில் அந்த நகரத்தின் பள்ளி வாரியம் ஜப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்குப் போகச் சொன்னது. நன்றி எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டால், ஆறு மாதம்.

இந்தப் பூகம்பத்தால் அறிவியலுக்குக் கிடைத்தது பெரியது. ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக வளையுங்கள். வளையும், வளையும், ஒரு கட்டத்தில் படீரென்று முறியும், முறிந்த இரண்டு துண்டும் நேராக நிமிர்ந்துகொள்ளும். ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910-இல் சொன்னது இதுதான்: பிளவின் இருபுறமும் பாறை பல காலம் மெல்ல வளைந்துகொண்டே இருந்து, தாங்காமல் போகும்போது முறிந்து நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் பூகம்பம். இன்றைக்கும் பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆகஸ்ட் 16. சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் இரவு எட்டு மணி ஆகப்போகிறது. பூமி ஆடியது, விளக்கெல்லாம் அணைந்தது, தீப்பிடித்தது. அளவு 8-க்கு மேல், சாவு மூவாயிரத்துக்குக் குறையாது. விசித்திரம் என்னவென்றால், அதற்கு அரை மணி நேரம் முன்னால் அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவுகளில் அதே அளவு பெரிய இன்னொன்று நடந்திருந்தது. அங்கே ஆளே கிடையாது, பார்த்தவன் இல்லை. உலகத்தின் பல மூலைகளில் இருந்த நிலநடுக்கமானிகளில் இரண்டின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பின. அந்தச் சிக்கலைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் யார் இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? ஓமோரிதான்.

வால்பரைசோவில் இன்னொரு வேடிக்கை. சிலிக் கடற்படையின் வானிலைப் பிரிவுத் தலைவர் ஆர்துரோ மிடில்டன், கிரகச் சேர்க்கையைக் கணக்குப் பார்த்து, ஆகஸ்ட் 16 அன்று பூகம்பமோ பெரும் வானிலைக் கோளாறோ வரும் என்று பத்து நாள் முன்பே நாளிதழில் எழுதியிருந்தார். வந்துவிட்டது! அதுவரை சிரித்தவர்கள் அதற்குப் பிறகு அவர் சொல்லுக்கு நடுங்கினார்கள். கிரகம் பூகம்பத்தைக் கொண்டுவராது, நின்ற கடிகாரமும் நாளுக்கு இரண்டு முறை சரியான மணி காட்டும் கதைதான் இது. சிலி அரசு நல்ல காரியமாக, ஃபெர்னான் மோந்தெசு த பல்லோர் என்ற பிரெஞ்சுக்காரரை வரவழைத்து 1908-இல் நிலநடுக்கவியல் துறையையே தொடங்கியது.

செப்டம்பரில் நியூ கினி, டிசம்பரில் சீனாவின் சின்ஜியாங்கில் மானாஸ். இரண்டும் 8-ஐ ஒட்டியவை. மானாஸில் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாக இறந்தார்கள். அவ்வளவுதான் கதை. போட்டோ இல்லை, பாடகர் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை.

இவையெல்லாம் ஒன்றையொன்று இழுத்துவிட்டனவா என்று கேட்பீர்கள். சராசரியாக வருடத்துக்கு ஒன்று 8-ஐத் தாண்டும். தாயக்கட்டையில் பன்னிரண்டு தொடர்ந்து மூன்று முறை விழுவதில்லையா, அந்த மாதிரிதான் 1906. வருடம் நம் காலண்டரில் இருக்கிறது, பூமிக்கு அது தெரியாது.

நமக்கு ஒரு சம்பந்தமும் உண்டு. ஓமோரியின் ஆசான் ஜான் மில்ன், இங்கிலாந்து திரும்பிய பின் உலகமெங்கும் நிலநடுக்கமானிகளை நிறுவச் செய்தார். அதில் ஒன்று நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் இருந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்து, அசாமின் 1897 பூகம்பத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓல்டாம், இத்தகைய பதிவுகளை வைத்துக்கொண்டு, அதிர்வுகள் பூமியின் நடுவே போகும்போது தாமதமாவதைக் கண்டு, உள்ளே வேறு மாதிரியான ஒரு மையக்கரு இருக்கிறது என்று காட்டினார். அந்தக் கட்டுரை வந்ததும் 1906-இல்தான்.

ஓமோரியை விட்டுவிட்டேனே. பதினேழு வருடம் கழித்து, 1923 செப்டம்பர் 1 அன்று, அவர் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே ரிவர்வியூ ஆய்வகத்தைப் பார்க்கப் போயிருந்தார். அங்கிருந்த நிலநடுக்கமானியை அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஊசி அசையத் தொடங்கியது. அது டோக்கியோ. இமாமுரா சொன்னபடியே தீ, ஒரு லட்சம் பேருக்கு மேல். ஓமோரி உடல்நலம் கெட்ட நிலையில் கப்பலேறி ஊர் திரும்பி, அந்த நவம்பரிலேயே இறந்தார். அவர் இடத்தில் பேராசிரியராக அமர்ந்தவர் இமாமுரா.