மாணவர்கள் வடிவமைத்த சிப்பும் மக்களின் வரிப்பணமும்

அவையோரே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

கணினித் துறையில்தான் தனியார் நிறுவனங்கள் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கின்றனவே, ஆராய்ச்சிக்கும் அவையே செலவழிக்கட்டும், அரசு எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு என் விடை, மாணவர்கள் சிப் செய்த கதை.

1970-களில் சிப், அதாவது கணினிக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு, அதன் வடிவமைப்பு ஒருசில நிறுவனங்களின் சுவர்களுக்குள் நடந்த வேலை. 1978-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லின் கான்வே என்ற பெண்மணி ஒரு பாடம் நடத்தினார். மாணவர்கள் வடிவமைத்த சிப்புகள் உண்மையாகவே தயாரிக்கப்பட்டு, பாடம் முடிந்த சில வாரங்களில் அவர்கள் கைக்கு வந்தன. இதைப் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரப்பியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு கொடுத்த பணம். 1981-இல் மோசிஸ் என்ற சேவை தொடங்கியது. ஊர்க் கல்யாணத்துக்குப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பதுபோல, பல கல்லூரிகளின் வடிவமைப்புகள் ஒரே சிலிக்கான் தகட்டில் ஏறின. செலவு பகிர்ந்துகொள்ளப்பட்டது. தனியாகத் தொழிற்சாலையின் வாசலைக்கூட மிதிக்க முடியாத மாணவனுக்குச் சொந்த சிப் கிடைத்தது.

டார்ப்பாவின் ஆதரவில்தான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேவிட் பேட்டர்சனும் மாணவர்களும் ரிஸ்க்-1 என்ற பிராசஸரை, கணினியின் மூளையான சிப்பை, செய்தார்கள். அதற்குத் தெரிந்த அடிப்படைக் கட்டளைகள் 31; அதில் இருந்த டிரான்சிஸ்டர் என்னும் நுண் மின்சுவிட்சுகள் 44,000-க்குச் சற்று அதிகம். கட்டளைகளைக் குறைத்து எளிமையாக்கினால் வேகம் கூடும் என்பது அவர்கள் வாதம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸியும் அதே வழியில் போனார். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் பிராசஸர் அந்த வழியில் வந்ததுதான். பேட்டர்சன், ஹென்னஸி இருவருக்கும் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது, 2017-ஆம் ஆண்டுக்கு, கிடைத்தது.

2010-இல் அதே பெர்க்லியில் ரிஸ்க்-ஃபைவ் என்ற, பிராசஸருக்கான கட்டளைத் தொகுப்பு பிறந்தது. உரிமத் தொகை கட்டாமல் யாரும் எடுத்தாளலாம். அதை எடுத்துக்கொண்டது நம் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடியின் குழு, மத்திய மின்னணு அமைச்சகத்தின் நிதியோடு, 'சக்தி' பிராசஸரை உருவாக்கியது. 2018-இல் அதன் சிப் ஒன்று அமெரிக்காவின் ஓரிகனில் தயாரானது. இன்னொன்று நம் நாட்டிலேயே, பஞ்சாபின் மொகாலியில் உள்ள அரசு ஆலையில் தயாரானது.

முதல் பணம் செலவான நாளுக்கும் சக்தி வந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். எந்த நிறுவனம் தன் பங்குதாரரிடம் நாற்பது ஆண்டு பொறுங்கள் என்று சொல்லும்? பலன் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் தனியார் பணம் வரும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்கள் தொழில் அப்படி. இன்னொன்றையும் கவனியுங்கள்: சிப்பைவிடப் பெரிய விளைச்சல் அதைச் செய்யக் கற்ற பிள்ளைகள். அவர்கள்தான் பிறகு நிறுவனங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் போனார்கள்.

நாம் எங்கே நிற்கிறோம்? எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்து 2020-21-இல் நாம் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2023-இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தது. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசு சாராத வழிகளில் வரும் என்பது கணக்கு. இப்போது சொன்ன கதையைக் கேட்டுவிட்டு அந்தக் கணக்கை என்னால் நம்ப முடியவில்லை.

நல்லதும் நடக்கிறது. 85,000 பேருக்குச் சிப் வடிவமைப்புப் பயிற்சி தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று ஓடுகிறது. விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்கள் கல்லூரிகளுக்குப் பொதுவில் கிடைக்கின்றன. இதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஐ.ஐ.டி.யோடு இது நின்றுவிடக் கூடாது. திருநெல்வேலியிலும் தருமபுரியிலும் படிக்கிற பெண் வரைந்த சிப் மொகாலியில் தயாராகி, அவள் பட்டம் வாங்கும் முன் அவள் மேசைக்கு வர வேண்டும். அதற்கான செலவை மாநில அரசும் மத்திய அரசும் தங்கள் பட்ஜெட்டில் தனி இனமாக எழுதட்டும். ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை மாதம் தவறாமல் வரட்டும். உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சாலை கேட்பதுபோல் இதையும் கேளுங்கள். வணக்கம்.